பயம் என்று சொன்னால் போதும்

அன்று எங்கள் சங்கத்தின் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள்: தலைவர். செயலாளர். முதல் இரண்டு கற்களுக்கு உரிய அண்ணன் தம்பி. செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் மூவர். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு, சீசனுக்கு மட்டும் இங்கே வரும் நால்வர். இலஞ்சி மாமனும் மருமகனும். புளியரைக்காரர், பாதி மலையாளம் பேசுவார். காது கேட்காதவர். பொடி போடுகிறவர். ஆட்டோ ஓட்டிவிட்டுப் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர். நான். இத்தனை பேருக்கும் ஓட்டு உண்டு. ஓட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் ஒருவர். பக்கத்துக் கல் அண்ணாச்சி. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை நீட்டியபடி இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அருவி இரைந்துகொண்டிருந்தது. அதிகத் தண்ணீர் என்று காலை பத்து மணிக்கே போலீஸ்காரர்கள் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். சாயங்காலம் வைத்திருந்த கூட்டத்தை, எல்லாரும் இங்கேதானே இருக்கிறோம் என்று அப்போதே கூட்டிவிட்டார்கள். நாங்கள் கல்லிலிருந்து எழுந்து அப்படியே வந்துவிட்டோம்.

நாங்கள் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள். குளிக்க வருகிறவரைக் கல்லில் உட்கார வைத்து, தலையிலிருந்து குதிகால் வரை எண்ணெய் போட்டு, தட்டி, நீவி, சொடக்கெடுத்து அனுப்புவோம். அதன்பிறகு போய் அருவியில் நின்றால்தான் அது குளியல். எந்த அருவி என்று எழுதவில்லை. இதில் வருகிற ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஓடைக்கரைப் பாறைகளில் ஆளுக்கு ஓர் இடம் உண்டு. அதைத்தான் கல் என்போம். கல் போனால் பிழைப்புப் போயிற்று. என் கல்லுக்கு வலது பக்கத்துக் கல் அண்ணாச்சியுடையது. பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரியோடு நான் பேசியதைவிட அவரோடு பேசியது அதிகம். அதிலும் பேசினவர் அவர்தான். நான் ஆமாம் போடுவேன்.

நான் ராயகிரிக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் கிணற்றுக்குள் கிடக்கும். மோட்டார் போட்டால் வரும், நிறுத்தினால் நிற்கும். தானாக வருகிற தண்ணீரை நாற்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். நீச்சல் தெரியாது. காட்டு வேலை இல்லாமல் போனபோது இங்கே வந்தேன். வந்த முதல் நாளே பயம் பிடித்துக்கொண்டது. அது போகவே இல்லை. மலையில் மழை பெய்வது கீழே தெரியாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். முதலில் வாசம் மாறும். இலை வாசம் போய்ச் சேற்று வாசம் வரும். பிறகு நிறம் மாறும். பிறகு சருகும் குச்சியும் வரும். கடைசியில்தான் சத்தம். சத்தம் கேட்டபிறகு எழுந்தால் பலனில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அண்ணாச்சி. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வார். நான் மட்டும்தான் ஒவ்வொன்றையும் மனசில் வைத்துக்கொண்டேன். பயந்தவன் காது நன்றாகக் கேட்கும்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு விதி நோட்டு உண்டு. முதல் பக்கத்தில் ‘அங்கத்தினர் உரிமைகள்’ என்று தலைப்பு. எங்களுக்கு முந்திய ஆட்கள் யாரோ மை பேனாவில் எழுதியது. கல் தகப்பனிடமிருந்து மகனுக்கு. ஒருவன் கை வைத்த ஆளை இன்னொருவன் தொடக் கூடாது. காய்ச்சலில் கிடக்கிறவன் கல்லில் வேறு ஆள் உட்காரக் கூடாது. நான்காவது இது: கை வைத்த ஆளைப் பாதியில் விட்டு எழக் கூடாது. எழுந்தால் மூன்று நாள் கல் கிடையாது. உரிமைகள் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் இது எப்படி வந்தது என்று அத்தனை வருஷமும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தை நான் படித்ததே கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வாசிப்பார்கள், கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த நான்காவதில்தான் அண்ணாச்சி மாட்டினார். ஒரு ஆனி மாசக் காலை. நல்ல கூட்டம். அவர் கையில் ஒரு வெளியூர்க்காரர். முதுகு முடிந்து தோளுக்கு வந்திருந்தார். திடீரென்று கை நின்றது. மூக்கைத் தூக்கினார். எனக்கும் வாசம் வந்தது. சேறு. “சார், எந்திரிங்க. மேல போயிருவோம்” என்றார். அந்த ஆள் சிரித்தார். “வெயிலடிக்குது, என்னய்யா” என்றார். அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். என் கையில் அப்போது ஆள் இல்லை. நானும் ஏறினேன். அன்றைக்கு வெள்ளம் வரவில்லை. மேலே எங்கேயோ திரும்பிப் போயிற்றோ, நின்றதோ. அந்த வெளியூர்க்காரர் தங்கியிருந்த லாட்ஜில் போய்ச் சொல்ல, லாட்ஜ்காரர் தலைவரிடம் சொல்ல, விசாரணை வந்தது. தலைவர் என்னைக் கூப்பிட்டார். “ஏ ராயகிரி, நீ பக்கத்துல இருந்தீல்லா. பாதியில எந்திரிச்சாரா, இல்லையா?” நான் “ஆமா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எனக்கும் வாசம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. சொல்லவில்லை. அண்ணாச்சிக்கு மூன்று நாள் கல் இல்லை.

அதற்கு அடுத்த மாசம் மறுபடி அந்த வாசம் வந்தது. இந்தத் தடவையும் என் கை காலி. அவர் கையில் ஒரு தடித்த ஆள், ஒரு கால் முடிந்து மறுகால் பாக்கி. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஏறும்படிக் கண்ணைக் காட்டினேன். அவர் நாலாவதை நினைத்திருப்பார். மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்ததை நினைத்திருப்பார். குனிந்து அந்த இன்னொரு காலைப் பிடித்தார். நான் ஏறிவிட்டேன். கத்தவில்லை. கத்தினால் கூட்டம் கலையும், எவன் கத்தினான் என்று கேள்வி வரும். மேலே படியில் நின்று பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறமாகப் பாறையைத் தொட்டது. வெள்ளத்துக்கு அடிக்கிற சைரன் அப்போதுதான் அடித்தது. அண்ணாச்சி முதலில் அந்த ஆளைப் பிடித்து மேலே தள்ளினார். அந்த ஆள் ஏறிவிட்டார். அண்ணாச்சியின் கால், எண்ணெய் பட்ட பாறையில் வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவே போயிற்று. இடுப்பு எலும்பு. தீயணைப்பு ஆட்கள் கயிறு போட்டுத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. தொழில் போயிற்று. மகன் இல்லாததால் கல்லும் போயிற்று. ஒரு மகள்தான். தென்காசியில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

செயலாளர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பத்தாவது படித்தவர். மெலிந்த ஆள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அந்த ஐப்பசியில் சீசன் ஓய்ந்ததும் விதி நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “அண்ணே, நாட்டுக்கே சட்டம் எழுதினவங்க உரிமைக்குன்னு தனியா இடம் வச்சிருக்காங்க. காலத்துக்குத் தக்கன அதையும் திருத்துதாங்க. நம்ம நோட்ட எழுதும்போது செல்போன் உண்டா, லைட்டு உண்டா? அதையே இன்னும் வாசிச்சிட்டு இருக்கோம்” என்றார். நான் ஆமாம் என்றேன். தென்காசிக்குக் கூட வாருங்கள் என்றார். போனேன். கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே டைப் அடிக்கிற பெண்ணிடம் செயலாளர் சொல்லச் சொல்ல, அவள் அடித்தாள். கல் மகனுக்கு என்பது, மகனுக்கோ மகளுக்கோ, அவர்கள் சொல்லும் ஆளுக்கோ என்று மாறியது. கேட்காமல் எங்களைச் செல்போனில் படம் பிடித்தால் தடுக்கலாம் என்று ஒன்று புதிதாக வந்தது. பொடி போடுகிறவரின் தொந்தி குலுங்குவதை யாரோ வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டு விட்டிருந்தார்கள். அவர் பேரன் பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்தான். நான்காவதுக்கு வந்தபோது செயலாளர், “சைரன் அடித்தால் பாதியில் எழலாம்” என்று சொன்னார். அந்தப் பெண் அடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அந்தத் தாளை அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தோம். கட்டிலில் கிடந்தபடி கேட்டார். மகளுக்குக் கல் என்று வந்தபோது, “அவ எங்க இங்கன வந்து எண்ணெய் தேய்க்கப் போறா. ஏசி கடையில நிக்கா. ஆனாலும் போடு, இருக்கட்டும்” என்றார். நான்காவதைக் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை.

“சைரனா? தம்பி, அன்னைக்கு சைரன் எப்பம் அடிச்சுது? நான் கல்லுக்கு நடுவுல கெடக்கும்போதுல்லா அடிச்சுது.”

“பின்ன எப்படி எழுத அண்ணாச்சி? தண்ணி நிறம் மாறினான்னு போடவா?”

“நிறம்னு போட்டா, மாறல்லன்னு ஒருத்தன் சொல்லுவான். வாசம்னு போட்டா, எனக்கு வரல்லம்பான். பயமா இருக்குன்னு ஒருத்தன் சொன்னா, எந்திரிச்சிரலாம்னு போடு. ஏன் எதுக்குன்னு கேக்கப்பிடாது.”

செயலாளர் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு எழுதினார். ‘தனக்குப் பயம் என்று ஒருவன் சொன்னால் போதும். கையிலிருக்கும் ஆளை மட்டும் அழைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் ஏறிவிடலாம். காரணம் கேட்கக் கூடாது. கல்லைப் பறிக்கக் கூடாது.’ வாசித்துக் காட்டினார். பதினோரு வருஷமாக நான் ஒளித்து வைத்திருந்ததை யாரோ தாளில் எழுதி, இது உனக்கு உரிமை என்று நீட்டியது போல இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில், ஐயப்ப சாமிமார் குளிக்க வரும் சீசனில், கொட்டகையில் கூட்டம் தொடங்கியபோது மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினோம். மகளுக்குக் கல், சரி. செல்போன், சரி. பொடிக்காரர் அதற்கு இரண்டு கையையும் தூக்கினார். “ஒமக்கு ரெண்டு ஓட்டு கெடையாதுவே” என்று யாரோ சொல்ல, சிரிப்பு. நான்காவதை வாசித்ததும் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். தலைவர் கெட்டவர் கிடையாது. எனக்குக் கல் கொடுத்தவர் அவர்தான். எனக்குத் தகப்பன் வழிக் கல் இல்லை. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அவர் தலையை அசைத்தால்தான் நான் உட்கார முடியும். பதினோரு வருஷமும் அசைத்தார். ஒவ்வொரு வருஷமும், அசைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாசத்துக்கு முன்பே எனக்குத் தூக்கம் போய்விடும்.

“பயத்துக்கு என்னவே அளவு?” என்றார் தலைவர். “தர்மாமீட்டர் வச்சுப் பாக்கவா? நம்ம ராயகிரி இருக்கானே, கொடத்துத் தண்ணி தளும்பினாலே எந்திரிச்சிருவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். காது கேட்காதவர்கூட மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணாச்சி சிரித்தாரா என்று பார்க்கவில்லை.

பிறகு தலைவர் குரலை இறக்கினார். “நான் சொல்லுதத கேளுங்க. எண்ணெய்க்காரன் ஒருத்தன் பயந்து எந்திரிச்சா, குளிக்க வந்தவன் பூரா ஓடுவான். படியில ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவான். தண்ணியில சாகாதவன் அங்கன சாவான். நாளைக்கு, இந்தப் பயலுவளே இங்கன வேண்டாம்னு உத்தரவு போட்டுட்டா என்ன செய்விய?”

“அதுக்கும் எழுதியிருக்கு தலைவரே” என்றார் செயலாளர். “கையில இருக்க ஆள மட்டும் கூட்டிக்கிட்டு, சத்தம் போடாம ஏறணும்.”

“சத்தம் போடாமப் பயப்படணுமாங்கும்” என்றார் தலைவர். மறுபடி சிரிப்பு.

இதற்குக் கை தூக்க வேண்டாம், சீட்டுப் போடுவோம் என்றார் செயலாளர். அதற்குத்தான் தயாராக வந்திருந்தார். ஜெராக்ஸ் தாளை நாலாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று அச்சடித்து வைத்திருந்தார். வேண்டாததை அடித்துவிட்டு, மடித்து, பிஸ்கட் டின்னில் போட வேண்டும். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. எண்ணுவதற்கு ஓட்டு இல்லாத ஆள் வேண்டும். அண்ணாச்சி எண்ணட்டும் என்றார்கள். தலைவரும் சரி என்றார்.

கொட்டகை மூலையில் பழைய நாற்காலிகளை அடுக்கி மறைப்புச் செய்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். என் முறை வந்தது. உள்ளே போய்க் குனிந்தேன். பேனாவைப் பிடித்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் என்னைவிட அது வேண்டும் என்று இருந்தவன் யாரும் இல்லை. அண்ணாச்சிக்குக்கூட இனி அது வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் மனசு இப்படிப் போயிற்று. ரகசியம் என்கிறார்கள். எது ரகசியமாக இருந்திருக்கிறது? நாளைக்கே ஒரு பேச்சு வரும், எவன் எவன் போட்டான் என்று. தலைவர் முதலில் யாரை நினைப்பார்? கொடத்துத் தண்ணிக்காரனை. அப்படி ஒருநாள் வெளியே வந்தாலும் என் சீட்டு எனக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று, ‘வேண்டும்’ என்பதை அடித்தேன். பேனா எழுதவில்லை. மறுபடி அடித்தேன். வழுக்கியது. மூன்றாவது தடவை தாள் கிழியும்படி அழுத்தினேன். ஏன் எழுதவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. மடித்துப் போட்டேன். என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

செயலாளர் டின்னைச் சாக்கின் மேல் கவிழ்த்தார். பதினெட்டுச் சீட்டும் விழுந்தன. விழுந்ததைப் பார்க்க எல்லாரும் குனிந்தோம்.

எங்கள் கையில் எப்போதும் எண்ணெய் உண்டு. தண்ணீரில் கழுவினால் போகாது. எந்நேரமும் இருப்பதால் எங்களுக்கு அது தெரிவதே இல்லை. வேறு எந்தச் சங்கத்தில் சீட்டுப் போட்டிருந்தாலும் இப்படி ஆகியிருக்காது. அத்தனை தாளும் எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகிக் கிடந்தது. மடித்தும் பலனில்லை. எது அடித்திருக்கிறது, எது அடிக்கவில்லை என்று மேலிருந்தே தெரிந்தது. அதுமட்டும் இல்லை. ஆளுக்கு ஓர் எண்ணெய். அண்ணன் தம்பி தேங்காய் எண்ணெய். புளியரைக்காரர் பச்சை நிறத் தைலம் ஒன்று கொண்டுவருவார். இலஞ்சிக்காரர்கள் நல்லெண்ணெய். எந்தச் சீட்டு யாருடையது என்று எங்களில் எவனும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். நான் நல்லெண்ணெயில் ஓமம் போட்டுக் காய்ச்சுவேன். ஓமம் போடுகிறவன் நான் ஒருவன்தான்.

“ஏ, என்னலே இது?” என்றார் தலைவர். “ரகசிய ஓட்டுன்னிய. அப்பளம் பொரிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு!”

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் முகம் செத்துவிட்டது. அத்தனை யோசித்தவர், இதை யோசிக்கவில்லை. தலைவர் குனிந்து ஒரு சீட்டை எடுக்கக் கை நீட்டினார். வேடிக்கையாகத்தான் நீட்டினார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. எனக்கு வெள்ளத்தின் வாசம் வந்தது போல இருந்தது. மற்ற பதினேழு பேரில் ஒருவரும் அசையவில்லை. அண்ணாச்சி ஊன்றுகோலை எடுத்துச் சாக்குக்குக் குறுக்கே வைத்தார்.

“தலைவரே, எண்ணுதது நான். தள்ளி இரியும்.”

“வே, சும்மா பாக்கக்கூடாதா?”

“பாக்கப்பிடாது. எனக்குக் கல்லும் கெடையாது, காலும் கெடையாது. என்னைய என்ன செய்வீரு? தள்ளி இரியும்.”

தலைவர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். அண்ணாச்சி சாக்கை மடியில் இழுத்துக்கொண்டார். செயலாளரையும் சேர்த்து எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினோம். வளர்ந்த ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தகரச் சுவரைப் பார்த்து நின்றோம். அருவிச் சத்தம் சுவரில் அதிர்ந்தது. அவர் ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். வேண்டும். வேண்டும். வேண்டாம். வேண்டும். வேண்டாம். ஒரே குரல். செய்தி வாசிக்கிற மாதிரி.

ஏழெட்டு ஆனபிறகு ஒரு இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் இல்லை. ஒரு மூச்சு இழுக்கிற நேரம். எனக்கு முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. ஆனால் தெரிந்தது. பதினோரு வருஷம் என் ஓமத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். மலையில் மழை பெய்வதை மூக்கால் கண்டுபிடிக்கிறவர். நான் தலைவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து ‘வேண்டும்’ என்பதை அடித்தேன். தலைவர் கடைசிவரை பார்க்கவில்லை. பார்த்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். “வேண்டாம்” என்று வாசித்தார். அதே குரல். அடுத்ததை எடுத்தார்.

பதினொன்று வேண்டும். ஏழு வேண்டாம். விதி நிறைவேறியது. எண்ணி முடித்ததும் சீட்டுகளை ஒரு பழைய எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு, பொடிக்காரரிடம் தீப்பெட்டி வாங்கி, அங்கேயே கொளுத்தினார். எண்ணெய்த் தாள் நின்று எரிந்தது. தலைவர் எழுந்தார். “சரி. பதினொண்ணு பேரு கேக்கும்போது நான் என்ன சொல்ல. நோட்டுல எழுதிக்கோ” என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு, போகிறபோது என் தோளைத் தட்டினார். “என்ன ராயகிரி, ஒனக்குத்தான் கொண்டாட்டம்” என்றார். நான் சிரித்தேன்.

அடுத்த சீசனுக்கும் தலைவர் எனக்குத் தலையை அசைத்தார். அதற்கு அடுத்த சீசனுக்கும். நான் ‘வேண்டும்’ போட்டிருந்தாலும் அசைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அது நிச்சயமாகத் தெரிய இனி வழி இல்லை.

அந்தக் கூட்டம் முடிந்து நாற்பது நாள் கழித்து அண்ணாச்சியைப் பார்க்க இலஞ்சிக்குப் போனேன். அவர் வீடு அங்கேதான். அதுவரை போக முடியவில்லை. மதினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணாச்சி காலை நீட்டினார். “வந்ததுதான் வந்த, கொஞ்சம் நீவி விடுலே” என்றார். என் கிண்ணத்தை எடுத்தேன். முழங்காலிலிருந்து மேலே நீவினேன். இடுப்புக்குப் பக்கத்தில் போனதும் என் கை நின்றது. எலும்பு கோணிக் கூடியிருந்தது கையில் பட்டது. அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஏலே, ஓமத்தக் கொஞ்சம் கொறச்சுப் போடு. தாளெல்லாம் மணக்கு.”

நீவிக்கொண்டே இருந்தேன். பிறகு, “பயந்துட்டேன் அண்ணாச்சி” என்றேன்.

“தெரியும்லே.”

“அன்னைக்கும். தலைவர் கேட்டப்பம் ஆமான்னு மட்டும் சொன்னேன்.”

“நீ பொய்யா சொன்ன? எந்திரிச்சது எந்திரிச்சதுதான.”

“எனக்கும் வாசம் வந்துது அண்ணாச்சி.”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அது அவருக்குத் தெரியாது போலும். வாசம் தனக்கு மட்டும்தான் வந்தது, தான் ஏறியதைப் பார்த்துப் பயந்துதான் நானும் ஏறினேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார் போலும். அந்த மூன்று நாளும் வீட்டில் உட்கார்ந்து, தன் மூக்கு கெட்டுவிட்டதோ என்று யோசித்திருப்பார். அடுத்த மாசம் அந்த இன்னொரு காலைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இதை அவர் சொல்லவில்லை. நான் நினைத்துக்கொண்டது. கடைசியில் அவர், “அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்து” என்றார். அழுத்தினேன். நான் எழுந்தபோதுதான் சொன்னார். “ஒனக்காகத்தாம்லே அப்படி எழுதச் சொன்னேன். பயப்படாதவன் விதியக் கேட்டுக்கிட்டா எந்திரிப்பான்?” கோபமாகச் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்தது.

போன வருஷம் ஐப்பசியில் சர்க்கரை முற்றி அவர் போய்விட்டார். தாமிரபரணிக்குக் கொண்டுபோய்க் கரைத்தார்கள். நானும் போனேன். படியில் நின்றேன், தண்ணீரில் இறங்கவில்லை. அவர் கல் இப்போது மகள் பேரில் இருக்கிறது. அவள் சொன்ன ஆள் உட்காருகிறான். அவனுக்கு மூக்கு கிடையாது. பல்லாரி வெங்காயம் அழுகினால்கூடத் தெரியாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். வாசம் வந்தால் இப்போது நான்தான் முதலில் சொல்கிறேன். கையில் ஆள் இருந்தால், “சார், பயமா இருக்கு, மேல போயிருவோம்” என்பேன். வேறு காரணம் சொல்வதில்லை. விதியில் அப்படித்தான் இருக்கிறது. சிலர் திட்டுவார்கள். சிலர் எழுந்து கூடவே வருவார்கள். கல்லை யாரும் பறிப்பதில்லை. எழுந்தவன் பெயரையும் தேதியையும் மட்டும் செயலாளர் ஒரு தனி நோட்டில் குறித்துவைக்கிறார். காரணம் எழுத அதில் இடம் கிடையாது. அந்த நோட்டை ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். பதினொரு பேர் கேட்டு வாங்கிய உரிமை. சங்கத்தில் பாதிப் பேர் ஒருமுறைகூட எழுந்ததில்லை. வேண்டாம் என்று சீட்டுப் போட்ட என் பெயர்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எண்ணினேன்.

நான் எழுந்தது இருபத்து மூன்று முறை. வெள்ளம் வந்தது ஒரு முறை.